போர்வைக்கு வெளியே டைப் அடித்த மெஹர் அக்கா

போன வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. தெரியாத எண். "சார், காஞ்சிபுரத்துலேர்ந்து வசந்தா பேசறேன். மெஹர் அக்கா போய்ட்டாங்க சார். விடிகாலைல. சாயங்காலம் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்களாம். வர முடியுமா?" என்றது குரல். எந்த வசந்தா என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடமாக நான் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டிருந்த வசந்தா அவர். அக்கா இறந்த செய்தியைச் சொல்ல வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் வந்தது.

அக்காவிடம் டைப்பிங் படித்தவர்களும் பிள்ளையார்பாளையம் சென்டருக்கு வந்து போனவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. மெஹருன்னிசா என்ற முழுப்பெயரில் அவரை யாராவது கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதினைந்து வருடம் இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவர். கம்ப்யூட்டர் வந்து இன்ஸ்டிட்யூட்டை மூடியதும், எங்கள் டெலிபோன் கம்பெனி ஊருக்காகத் திறந்த இலவச இன்டர்நெட் சென்டருக்குப் பொறுப்பாளராக வந்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு ஹெட்போன். ஒரு பழைய ஜரிகைக் கடையின் முன்னறை. வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து வந்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் அதிகாரி நான். டை கட்டியிருப்பேன். அந்த வெயிலில், அந்தத் தெருவில், டை.

முதல் மாதமே சண்டை. வருகிறவர்கள் எதற்காக வந்தார்கள் என்று எழுத நோட்டில் ஒரு கட்டம் உண்டு. கல்வி, வேலைவாய்ப்பு, விவசாயம், சந்தை நிலவரம் என்றெல்லாம் எழுத வேண்டும். அக்கா மேலிருந்து கீழ்வரை 'பேச்சு, பேச்சு, பேச்சு' என்றே எழுதி வைத்திருந்தார். துபாயில் இருக்கும் கணவனோடு பேச்சு, சூரத்தில் இருக்கும் அண்ணனோடு பேச்சு. "அக்கா, கம்பெனி இதை ஒரு பயன் என்று ஒத்துக்கொள்ளாது" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பேசறது பயன் இல்லன்னா, உங்க கம்பெனி போன எதுக்குத் தம்பி விக்குது?" என்றார். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த சண்டை டைப்ரைட்டருக்காக. கம்ப்யூட்டர் சென்டரில் துருப்பிடித்த டைப்ரைட்டருக்கு என்ன வேலை? தேவையற்ற பொருள் என்று ஆய்வறிக்கையிலேயே எழுதினேன். அக்கா அதை வாசலோரம் போட்டுக்கொண்டு, நேரம் கெட்ட நேரத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தால் தாள் முழுக்க ஆரம்பப் பயிற்சி எழுத்துகள், அர்த்தமே கிடையாது. அந்தப் பக்கம், கேமரா இருந்த கம்ப்யூட்டரைச் சுற்றி, கயிறு கட்டிப் பச்சைக் கட்டம் போட்ட போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே ஆள் போய் உட்கார்ந்ததும் வெளியே டைப்ரைட்டர் ஆரம்பித்துவிடும். போர்வை முகத்தை மறைக்க, டைப்ரைட்டர் சத்தம் பேச்சை மறைக்க; இந்தச் சம்பந்தம் எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆயிற்று.

"எஸ்.டி.டி. பூத்துல போயி பேசினா கண்ணாடிக் கதவு தம்பி. சத்தம் கேக்காது, மூஞ்சி தெரியும். நம்ம ஊருக்கு மூஞ்சி தெரிஞ்சா போதும், மீதிய அவங்களே சொல்லிக்குவாங்க" என்றார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருவார். அமெரிக்காவில் இருந்த மகனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. போர்வைக்குள் உட்கார்ந்து, மருமகள் தூக்கிக் காட்டும் பேரனின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். அக்கா அப்போது மும்முரமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதையும் பார்க்காதது போல இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதுவது யோக்கியமாக இருக்காது.

கம்பெனியின் சமூகப் பணிகளைப் பற்றி ஒரு புத்தகம் போடத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், புகைப்படக்காரரோடு. ஒரு வெள்ளிக்கிழமை. அவர்கள் வருவதற்கு முன்னால் நான் போர்வையை அவிழ்த்து மடித்து வைத்தேன். டைப்ரைட்டரைத் தூக்கிக் கொல்லைப்புறம் வைத்தேன். நவீனமான படத்தில் அந்தப் பழசு விழக்கூடாது. அக்கா, "இன்னிக்கி வசந்தா வருவா. அவ வீட்டுக்காரனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அவ பேசிட்டுப் போனப்புறம் எல்லாத்தையும் எடுங்க தம்பி" என்றார். நெசவாளர் வீட்டுப் பெண் வசந்தா. கணவர் துபாயில் டிரைவர். "வரட்டுமே அக்கா, நிஜமாகவே பேசுவது போலப் படம் வந்தால் இன்னும் நல்லது" என்றேன். நிஜமாகவே பேசுவது போல. அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

வசந்தா வந்தார். எங்களையெல்லாம் பார்த்துத் திரும்பிப் போகப் பார்த்தார். நான்தான், "உட்காருங்கம்மா, கூச்சப்படாதீங்க" என்று உட்கார வைத்தேன். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். கணவரிடம், "நல்லா இருக்கோம், எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சிரித்தபடி சொன்னார். கடைசியில், "ஒரு மணி நேரம் கழிச்சி திரும்ப லைனுக்கு வர்றியா?" என்று அவரிடம் கேட்டார். என்ன அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிடப் போன இடத்தில் ஃபைலை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, நான் மட்டும் சென்டருக்குத் திரும்பினேன். தெருமுனையிலேயே டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தபோது போர்வை பழைய இடத்தில் தொங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் அழும் குரல், அந்தத் தடதடப்பையும் மீறி. அக்கா கையை நிறுத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, போய்விடு என்று தலையை மட்டும் அசைத்தார். அவர் கன்னமும் நனைந்திருந்தது. நான் ஃபைலை எடுக்காமலே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சொன்னார். "அவளுக்கு அஞ்சாம் மாசம் கலைஞ்சிடுச்சி தம்பி. அத அவன்கிட்ட சொல்லத்தான் வந்தா. நீ அவள சிரிக்க வெச்சே." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. மன்னித்துவிடுங்கள் அக்கா என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கிட்ட சொல்லாத. அவ வீடு தெரியுமில்ல? போயி அவகிட்ட சொல்லு."

நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். படம் புத்தகத்தின் அட்டையிலேயே வந்தது. வசந்தாவின் சிரிப்பு, பளபளப்பான தாளில். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்து வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஊரெல்லாம் செல்போன் வந்ததும் சென்டரை மூடினார்கள். ரம்ஜானுக்கு நான் போன் செய்யும்போதெல்லாம் அக்கா பிள்ளைகளை விசாரிப்பார், பிறகு மறக்காமல், "போனியா?" என்பார். போகிறேன் அக்கா என்பேன். இந்த ரம்ஜானுக்கு மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. மறந்துவிட்டார் போல என்று, சொல்லவே நாக்கு கூசுகிறது, நிம்மதியாக இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவின் வீட்டு வாசலில் ஆண்களோடு நின்றேன். இறந்த பெண்ணின் முகத்தை அந்நிய ஆணுக்குக் காட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை. உள்ளே திரைக்கு அப்பால் பெண்களின் அழுகை மட்டும் கேட்டது. நான் என் இடத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வசந்தா வெளியே வந்தார், கையில் ஒரு பையோடு. உள்ளே பச்சைக் கட்டம் போட்ட போர்வை. துவைத்து மடித்திருந்தது.

"இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு அக்கா. 'அவனுக்கு இது எதுக்குன்னு இப்ப தெரியும்'னு சொல்லிச்சு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வசந்தா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரம்ஜானுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில படுத்துக்கினு நான் போறப்பல்லாம் கேக்கும் சார், 'தம்பி வந்தானா, தம்பி வந்தானா'ன்னு. எனக்கு மனசு கேக்கல. வந்தாரு அக்கா, வீட்டுக்கே வந்து மன்னிப்பு கேட்டாருன்னு சொல்லிட்டேன். அதுக்கு ரொம்ப சந்தோஷம். நர்சம்மாகிட்டல்லாம் சொல்லிச்சு."

பையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதேன். ஆறு வருடமாகச் சொல்லாததை அங்கேயே, அரைகுறையாக, சொன்னேன். "சரி விடுங்க சார், அக்காவ எடுக்கறாங்க பாருங்க" என்றார் வசந்தா. அக்காவின் உடலைச் சுமந்த ஜனாஸாவைத் தோளில் தூக்கினார்கள். நான் சொன்னதைக் கேட்க வேண்டியவர் பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

போர்வை இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அக்கா என்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டே போனார். அந்த நல்ல பெயரை எனக்காக வாங்கிக் கொடுத்தவர், நான் சிரிக்க வைத்த வசந்தா.