கும்மிடிப்பூண்டிக் குழியில் மூன்று கிளிஞ்சல்கள்

பணி ஓய்வுக்குப் பிறகுதான் நிலவியல் குறிப்பெடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மணவாள நகரில் எங்கள் எதிர்வீட்டு ரேவதி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கட்டடப் பொறியாளர். போன ஞாயிறு மாலை, "அங்கிள், அஸ்திவாரக் குழியில கிளிஞ்சல் வருது. நாளைக்குப் பதினொரு மணிக்கு கான்கிரீட் போட்டுடுவோம்" என்றார். உப்பங்கழி ஒருகாலத்தில் அதுவரை எட்டியிருந்ததா என்று பார்க்க அந்த ஒரு காலைதான்.

மறுநாள் காலை, எங்கள் ஊர் திருவள்ளூரில் ஐந்தே முக்கால் மின்ரயில். பேசின் பிரிட்ஜில் மாறி, எட்டரைக்குக் கும்மிடிப்பூண்டி. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். எனக்குப் பேரம் பேச வராது. உங்களுக்கு நூறுக்கே கிடைக்கலாம்.

குழி ஒன்பதடி ஆழம். இடம், நேரம், திசை எழுதிவிட்டு மேலிருந்து கீழாக அளந்தேன். மூன்றடி லாரியில் வந்த கிராவல், நான்கடி சாம்பல்நிறக் களிமண், அடியில் மணல். நோட்டின் இடப்பக்கத்தில் கண்டது, வலப்பக்கத்தில் நினைத்தது: இப்படித்தான் எழுதுவேன்.

மணலில் ஒரு கிளிஞ்சல், இரண்டு ஓடும் மூடியபடி. ஆவலில் பிடுங்கிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, நின்றிருந்ததா படுத்திருந்ததா என்று பார்க்கவில்லை. அலை அடித்து வந்தவை பெரும்பாலும் ஓடு பிரிந்து படுத்துக் கிடக்கும். வாழ்ந்த இடத்திலேயே புதைந்தவை மூடியபடி நிற்கும். ஆதாரத்தை நானே கெடுத்துவிட்டேன்.

அதற்குள் மேலே ஹாரன். மிக்ஸர் லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெருசு, பொதையலா? ட்ரம்முல கலவை இறுகிக்கினு கீது, மேல வா!"

யாரையும் காக்கவைத்துப் பழக்கமில்லை எனக்கு. "பத்து நிமிஷம்" என்றேன்.

"இன்னாது?"

"பத்து நிமிஷம்!" கத்தியே விட்டேன்.

ரேவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பத்துதான் அங்கிள்" என்றார்.

பெயின்ட் பிரஷ்ஷால் மணலைத் தள்ளித் தள்ளித் தேடினேன். இன்னும் இரண்டு கிடைத்தன. இரண்டும் மூடியபடி, செங்குத்தாக. அளவு தெரியப் பக்கத்தில் பேனா வைத்துப் படமெடுத்தேன், வரைந்தேன். தொடவில்லை.

மேலே ஏறியதும் ஓட்டுநர் என் கையிலிருந்த கிளிஞ்சலைப் பார்த்து, "மட்டியா நைனா? அப்போ கடல் இங்க இருந்துச்சா?" என்றார்.

"உப்பங்கழி இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியல."

"இம்மா நேரம் நோண்டிக்கினு இருந்துட்டு முடியலன்றியே!"

இப்படிக் குழி பார்க்கப் போகிறவர்கள் அனுமதியும் ஹெல்மெட்டும் இல்லாமல் குழியில் இறங்க வேண்டாம். மழை பெய்த மறுநாள் இறங்கவே வேண்டாம். எதையும் வரைந்த பிறகே தொடுங்கள்.

வலப்பக்கத்தில் "உப்பங்கழி?" என்று எழுதியிருக்கிறேன். வீடு வந்தும் கேள்விக்குறியை அழிக்கவில்லை. பிடுங்கிய கிளிஞ்சல் மேசைமேல் இருக்கிறது. நோட்டில் அதற்கு நேரே "இருந்த நிலை: பார்க்கவில்லை". மற்ற இரண்டும் கான்கிரீட்டுக்கு அடியில் நின்றபடியே இருக்கின்றன.