கிரீஸ் தடவிய தண்டவாளம்

செங்கல்பட்டு பஜாரில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை. வாரம் முழுக்க ஆணியும் போல்ட்டும் விற்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே போல்ட்டை ஓசியில் முடுக்கக் கிளம்பிவிடுவேன். "அம்மாவுக்கு ரயில் கிறுக்கு" என்று என் மகள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும், பொய்யில்லையே.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடல் காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற இடத்தில் இருக்கிறது அந்தச் சின்ன ரயில் அருங்காட்சியகம். ஒரு பழைய டீசல் எஞ்சின், இரண்டு பெட்டிகள், கொட்டகையிலிருந்து சவுக்குத் தோப்பு வரை மேடேறிப் போகும் ஒரே ஒரு ரயில் பாதை. அதைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் எல்லோரும் சம்பளமில்லாத ஆட்கள். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பழைய சட்டை ஒன்றைச் சுடிதார் மேல் போட்டுக்கொண்டு நானும் ஜல்லி தள்ளுவேன், இற்றுப்போன கட்டைகளை மாற்றுவேன், துரு சுரண்டுவேன். இந்த வாரம் சுரண்டிய துருவை உப்புக் காற்று அடுத்த வாரமே திரும்பக் கொண்டுவந்து அப்பிவிடும். யாரைப் போய்த் திட்டுவது?

செத்துக் கிடந்த அந்த எஞ்சினைப் பிழைக்க வைத்தவர் கடப்பாக்கத்து போட் மெக்கானிக். மீன்பிடிக் குடும்பம், வாய் ஓயாத மனிதர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். உண்மையில் யார் மூத்தவர் என்று நான் இதுவரை விசாரிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

அந்த ஞாயிறு எங்களுக்குப் பரீட்சை. நிர்வாகம் ஓர் ஓய்வுபெற்ற ரயில்வே இன்ஜினியரை அனுப்பியிருந்தது. எஞ்சின் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு தோப்பு வரை ஏறி, பத்திரமாகத் திரும்பி வந்தால் பொதுமக்களை ஏற்றி ஓட்டலாம். இல்லையென்றால் வாசலில் சிமென்ட் மேடை கட்டி, பெயின்ட் அடித்து, செல்ஃபி எடுக்க நிறுத்திவிடுவார்கள். உறுமுகிற எஞ்சினைப் பொம்மையாக்குவதா? நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெக்கானிக் ஹாரன் அடித்தார். வண்டி அசைந்தது, நகர்ந்தது, மேடு தொடங்கும் இடம் வரை ஜோராகப் போனது. அங்கே நின்றது. சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றது.

"இன்னாக்கா இது, சக்கரம் சுத்திகினே கீது, வண்டி நவுற மாட்டேங்குது!"

அவரிடம் எஞ்சினை அடக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து தண்டவாளத்தின் மேல் விரல் வைத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கிரீஸ்!

முந்தின நாள் சாயங்காலம், தண்டவாளங்கள் சேருகிற இடத்துப் பட்டைகளுக்கு மட்டும் கிரீஸ் போடச் சொல்லியிருந்தோம். "இரும்ப சும்மா வுட்டா உப்புக் காத்து தின்னுரும்க்கா. நம்ம போட்ல அப்டி வுடுவமா? அதான் மேலயும் ஒரு கோட்டிங் குட்த்தேன், தோப்பு வரைக்கும்" என்றார் மெக்கானிக். கடல்காரருக்கு இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவர் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சக்கரம் வழுக்கினால் முன்னால் மணல் தூவ எஞ்சினிலேயே ஒரு பெட்டி உண்டு. அதில் கடற்கரை மணலைப் போட்டிருந்தோம். அது ஈரம் இழுத்து, கட்டியாகி, குழாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. நல்ல காய்ந்த மணலுக்கு இந்தக் கடலோரத்தில் எங்கே போவது?

அப்போதுதான் கேட் பக்கமிருந்து டங் டங் என்று கரண்டிச் சத்தம். கடலை வண்டிக்காரர்! நான் ஓடினேன், இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணாத்த, மணல் வேணும்!"

"கடலையாம்மா?"

"கடலைய நீங்களே வெச்சிக்குங்க. மணலக் குடுங்க!"

என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னேன். "அட, இவ்ளோதானா?" என்று கடலையைச் சலித்துத் தனியே கொட்டினார். வண்டிக்கு அடியிலிருந்து, ஏற்கெனவே வறுத்து வைத்திருந்த மணல் மூட்டையையும் இழுத்தார். "இது ஒரு பொட்டு ஈரம் கெடையாதும்மா. ஈரமா இருந்தா கடலை எப்டிப் பொரியும்?" என்று மூட்டையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

குழாயைக் குத்திச் சுத்தம் செய்து, பெட்டியை நிரப்பினோம். மிச்சத்தைச் சக்கரத்துக்கு முன்னால் தூவினோம். மெக்கானிக் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார், நான் பிஸ்மில்லா சொன்னேன். எஞ்சின் உறுமியது. சக்கரம் ஒரு சுற்று வழுக்கி, மணலைக் கடித்து, கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யா அல்லாஹ், நகர்ந்தது! கறகறவென்று மணலை நொறுக்கிக்கொண்டு மேடேறியது. நாங்கள் கத்திக்கொண்டே கூடவே ஓடினோம், கடலைக்காரரும் கரண்டியோடு. தோப்பு முனையில் வண்டி நின்றதும் கைதட்டல்.

இன்ஜினியர் மட்டும் கைதட்டவில்லை. "ஏறிட்டீங்க. பிரேக் போட்டா வழுக்குமே, எப்படி இறக்கப் போறீங்க?" என்றார்.

மணல் தீர்ந்திருந்தது. மெக்கானிக் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு இறங்கி, சட்டையைக் கழற்றித் தண்டவாளத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் கிடைத்த துணியோடு மண்டியிட்டோம். வழியெல்லாம் குனிந்தபடியே துடைத்துக்கொண்டு போனோம். என் இடுப்பு விட்டுப்போனது. நிமிர்ந்து பார்த்தால், எதிர்த் தண்டவாளத்தில் இன்ஜினியரும் மண்டியிட்டிருக்கிறார். அவருடைய வெள்ளைக் கைக்குட்டை கருகருவென்று ஆகியிருந்தது.

மெக்கானிக் பதறிப்போனார். "சார், நீங்க எந்திரிங்க சார். பேன்ட்டெல்லாம் கறையாவுது."

அவர் நிமிரவில்லை. "அடுத்த வாரம் ஜனங்க ஏறப் போறாங்க. நாம துடைக்காம வேற யார் துடைப்பா?" என்றார்.

மெக்கானிக் அப்படியே கிரீஸ் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாய் ஓயாத அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கத்தினேன்.