மாமன் பூசிய ஈயம்

எங்கள் வட்டாரத்தில் இப்போது ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்க் கடைக்காரர்களும், மலைக்கு அந்தப் பக்கம் குமுளிக் கடைக்காரர்களும், சுத்துப்பட்டுப் பஞ்சாயத்துக்காரர்களும் கூடிப் பேசியிருக்கிறார்கள். வீணாய்ப் போன டிவி, பேட்டரி, செல்போன் எதுவானாலும் விற்ற கடையே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அரசாங்கம் கலர் டிவி கொடுத்ததிலிருந்து பழைய பெட்டிகளெல்லாம் வாய்க்காலில் கிடக்கின்றன, அதனால்தான் இந்த ஏற்பாடு. வீடு வீடாகச் சொல்ல வந்த டீச்சர் பிள்ளை என் வாசலிலும் நின்றது.

“பேட்டரிய மட்டும் வீட்ல ஒடச்சிராதீக பாட்டி.”

“ஒடச்சா என்னத்தா செய்யும்?”

“உள்ள இருக்கறது காரீயம். புளிச்சதுல கரையும். கரைஞ்சா லேசா இனிக்கும். சின்னப் பிள்ளைகளத்தான் மொதல்ல அடிக்கும்.”

இனிக்குமா என்று இன்னொரு தரம் கேட்டேன். இனிக்கும் என்றது. குடிக்க மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். வந்த பிள்ளையிடம் என் வீட்டுக் கதையைச் சொல்லி அழுகிற பழக்கம் எனக்கு இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு அப்போது எட்டு வயது, தம்பிக்கு மூன்று. ஊரில் கரண்டு கிடையாது. பஞ்சாயத்து ரேடியோ பேட்டரியில்தான் பாடும். சாயங்காலமானால் அதைத் திருகிவிடுகிற உத்தியோகம் எங்கள் தாய்மாமனுக்கு. அந்த அறைச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் மதுரைக்கே அவர்தான் கலெக்டர் என்று தோன்றும். பேட்டரி செத்துப்போனால் டவுனிலிருந்து ஆள் வந்து புதுசை வைத்துவிட்டுப் பழசை எடுத்துப் போவார். அந்தத் தடவை மாமன், பழசு கை தவறி உடைந்துவிட்டது, பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாதே என்று ஆற்றில் போட்டுவிட்டேன் என்றார். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். பேட்டரி எங்கள் மாட்டுக் கொட்டத்தில் வைக்கோலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அவர் அதை எடுத்தது எங்களுக்காகத்தான். வருசா வருசம் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் அந்த வருசம் வரவில்லை. பூச்சு தேய்ந்த பித்தளையில் புளித்தது எதையும் வைக்க முடியாது, களிம்பு ஏறிவிடும். அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள்.

“கவலைய விடுக்கா. வெள்ளீயம் கொஞ்சூண்டு இருக்கு. இந்தக் காரீயம் கொட்டிக் கெடக்கு. ரெண்டையும் உருக்கிக் கலந்தா ஆருக்குத் தெரியப் போகுது?” என்றார் மாமன்.

“ஏ மாப்ள, அடுத்தாப்புல ரேடியோவையும் உருக்கிருவ போலருக்கே?” என்றார் அப்பா.

“அது மொதல்ல பாடுறத நிறுத்தட்டும் மச்சான்.”

உள்ளேயிருந்த திராவகத்தைக் கொல்லையில் கொட்டினார். புல் கருகியது. தகடுகளை உருக்கினார். பாத்திரங்களைத் தணலில் காயவைத்து, நவச்சாரம் தூவி, பஞ்சால் தேய்த்தார். துருத்தி ஊதியது நான். எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மினுங்கின. அதில் பெரிய போகணியை அம்மா பழையசோறு ஊற வைக்க எடுத்துக்கொண்டாள்.

நான்கைந்து நாளில் எங்கள் வீட்டு நீச்சத்தண்ணிக்கு, அதுதான் பழையசோற்று நீராகாரத்துக்கு, ஒரு மெல்லிய இனிப்பு வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. புளித்தால்தானே அது நீச்சத்தண்ணி. ஆனால் அதுவரை மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டியிருந்த தம்பி, இன்னும் இன்னும் என்று கேட்டான். என் பங்கையும் அவனுக்கே கொடுத்துவிட்டுக் கம்பங்கூழ் குடித்துக்கொண்டேன். இப்படி ஒரு அக்கா எந்த வீட்டில் உண்டு என்று அம்மா பூரித்தாள்.

சித்திரை வெயில் ஏறியபோது தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள ஆரம்பித்தான். முகம் வெளுத்தது. ஓடிக்கொண்டிருந்தவன் தவழ்ந்தான். ஒரு நாள் கை கால் வெட்டி இழுத்தது. அம்மாவுக்கும் வயிற்றுவலி வந்தது, சூடு என்று விளக்கெண்ணெய் குடித்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் கண்தான் பிள்ளைமேல் பட்டுவிட்டது என்று அவரோடு பேச்சை நிறுத்தினாள். சாகும்வரை பேசவே இல்லை.

மாமன்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உத்தமபாளையம் வைத்தியரிடம் நடந்தார். வயிறு புண்ணாகியிருக்கிறது, நீராகாரம் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னாராம். திரும்பி வந்ததும் மாமன் அடுப்பைப் பற்றவைத்தார். பிள்ளை குடிக்கிற பாத்திரத்தில் களிம்பு கிளிம்பு இருந்துவிடக் கூடாதே என்று, அந்தப் போகணிக்கு இன்னொரு பூச்சு கனமாகப் பூசினார். மறுபடியும் நான்தான் துருத்தி ஊதினேன்.

அவன் எங்களை விட்டுப் போன நாள் காலையில் வீட்டில் யார் கொடுத்தும் அவன் வாய் திறக்கவில்லை. அம்மா, அப்பா, மாமன் மூன்று பேரும் கெஞ்சிப் பார்த்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போகணியில் ஒரு சொம்பு மொண்டு, அவன் தலையை மடியில் வைத்து, காதுக்குள் ஏதோ கதை சொன்னேன். வாயைத் திறந்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொம்பு முழுவதும் குடித்தான். நான் வெறும் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

“அம்மா, ஒரு சொட்டு மிச்சம் வெக்கல!”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். கால் தரையில் பட்டதும், நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன் என்று தெருக்கோடி வரைக்கும் சொல்லிக்கொண்டே ஓடினேன்.