வாவிக்கரையில் ஏழு கதவுகள்

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருஷம், வாவிக்கரையில் ஓர் ஓவியக் கூடம் திறந்திருப்பதாகப் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். நவீன ஓவியம் என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தெரியாத ஒன்றை உடனே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற அந்தரம் எப்போதும் உண்டு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆரையம்பதியில் பஸ் ஏறினேன்.

கண்ணா மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கட்டடம். அந்த மரங்களின் வேர்களுக்குள் தண்ணீர் புகுந்து திரும்பும் சத்தம் உள்ளே வரை கேட்டது. எங்களைத் தவிரப் பார்க்க வந்தவர்கள் ஒருவருமில்லை. முதல் அறையில் பெரிய வெள்ளைத் துணி, குறுக்கே ஒரேயொரு கறுப்புக் கோடு. கிட்டவும் எட்டவும் நின்று பார்த்தேன்.

“இன்னம் கீறி முடியல்லையா மனே?” என்றார் அம்மா.

“முடிஞ்சிட்டு அம்மா. இவ்வளவுதான்.”

“இதுக்கோ என்ன பஸ்ஸேத்திக் கூட்டி வந்தாய்?”

பின்வாசலால் வெளியே வந்தால், மணலில் ஏழு கதவுகள் நிலையோடு வரிசையாக நின்றன. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் கிடந்தவற்றை ஓர் ஓவியர் பொறுக்கி வைத்திருந்தாராம். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் சொன்னார். திறந்து, உள்ளால் நடந்தும் போகலாமாம்.

நடந்தேன். திறந்தால் வாவி தெரிந்தது. மூடினால் மறைந்தது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் அது பாட்டுக்குக் கிடந்தது. ஒரு பலகை எப்படி இவ்வளவு தண்ணீரை மறைக்கிறது என்று திரும்பத் திரும்பத் திறந்து மூடினேன். அம்மா மட்டும் ஒவ்வொரு கதவையும் சுற்றிக்கொண்டே வந்தார்.

“உள்ளால வாங்கம்மா.”

“ஆக்கள் கூப்பிடாம எப்பிடி நுழையிற? ஆர்ர வீடோ!”

ஐந்தாவது கதவில் நின்றுவிட்டார். அதன் கீழ் மூலையில் சாய்வாக ஒரு துண்டு அறுத்திருந்தது. மாரியில் ஊதி நிலத்தில் இழுபடுகிறதென்று அப்பா எங்கள் கதவை அப்படித்தான் அறுத்தார். அப்பாவையும் வீட்டையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. அவர் கைபட்ட ஒரு சாமானும் எங்களிடம் மிஞ்சவில்லை.

“மனே, இது எங்கட.”

“எங்கட பச்சையெல்லோ அம்மா. இது நீலம்.”

“பிறகு ஆரும் பூசியிருப்பாங்க.”

குந்தியிருந்து, நிறம் உரிந்த இடத்தைப் பார்த்தேன். நீலத்துக்குக் கீழே வேறேதோ இருந்தது. பச்சையா, பாசியா, சொல்ல முடியவில்லை.

அந்த மனிதர் அருகில் வந்தார். “உங்கடதெண்டாச் சொல்லுங்கம்மா. ஆக்கள் வந்து கேட்டாக் குடுக்கச் சொல்லித்தான் ஓவியரும் சொன்னவர்.”

“புது வீட்டுக்கு முன்கதவாப் போடுவம்,” என்றார் அம்மா என்னிடம். பிறகு அந்தக் கதவுக்குள் மட்டும் நுழைந்து, அதை உட்பக்கமாகச் சாத்தினார்.

நிலையைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். அவர் கை தாழ்ப்பாளைத் தேடிக் கீழே போனது. பலகையைத் தடவியது. இன்னொரு தரம் தடவியது.

“இல்ல மனே. தாழ்ப்பாள் மேல கிடக்கு. உனக்கு எட்டட்டுமெண்டு அவர் கீழதானே அடிச்சவர்.”

“மாத்தி அடிச்சிருப்பாங்கம்மா,” என்றேன். இப்போது எனக்கும் அது எங்களுடையதாக இருக்க வேண்டியிருந்தது.

“ஆணி அடிச்ச ஓட்டையும் இல்லடா.”

கதவைத் திறந்துகொண்டு வந்து, அந்த மனிதரிடம் சொன்னார்: “இது வேற ஆர்ரயோ தம்பி. வந்தாக் குடுங்க, என்ன.”

வாசல் மேசையில் வருகிறவர்கள் எழுதும் கொப்பி விரித்துக் கிடந்தது.

“எங்கட கதவுர அடையாளத்த எழுது மனே.”

“இது கருத்து எழுதுற கொப்பி அம்மா.”

“எழுதப் படிச்சவன்தானே, எழுது.”

எழுதினேன்: பச்சைக் கதவு. கீழ் மூலை அறுத்தது. தாழ்ப்பாள் சிறுபிள்ளைக்கு எட்டும் உயரத்தில். கண்டால் அறிவிக்கவும். முகவரியையும் போட்டு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒரு கணம் யோசித்தார்.

“தாழ்ப்பாளுக்கு மூண்டு ஆணிதான் எண்டும் போடு. நாலாவது ஆணி அண்டைக்கு அவருக்குக் கிடைக்கல்ல.”

இடம் போதவில்லை. பக்கத்தின் ஓரத்தில், கொப்பியைத் திருப்பி வைத்து, அதையும் எழுதினேன்.