மழையை நீக்கும் கட்டளை

தகரக் கூரையில் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்டால், இப்போதும் என் கை விசைப்பலகையிலிருந்து விலகிவிடுகிறது. அக்காவின் குரல் அந்தச் சத்தத்துக்குள்தான் இருந்தது.

இலங்கையில் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. லயம் என்கிற வரிசை வீட்டில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவிலிருந்து மருந்து சொல்வார்கள். அதனால் அக்கா மழைக்குக் காத்திருந்தாள். மழை வந்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, தகரம் அதிரும், பக்கத்துக் காதுகளுக்கு ஒன்றும் எட்டாது. என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை வாயருகே பிடித்துப் பேசிப் பதிவு செய்வாள். குவைத்தில் வீட்டுவேலை செய்த வருடங்களை அப்படிச் சொன்னாள், மகளுக்காக. விடுதியில் தங்கிப் படிக்கும் அந்தப் பிள்ளை இவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினால் ஒரே கேள்வி, 'ஏன்ம்மா என்ன விட்டுட்டுப் போன?' மறுபடியும் போகவேண்டி வந்தபோது, அதற்கு முன் பதிலைச் சொல்லி முடித்துவிட நினைத்தாள்.

"நீ கேக்கக் கூடாது, சரியா? அவ மட்டுந்தான்."

"நான் எதுக்குக்கா கேக்கப் போறேன்?"

"ஆமா, நீ அந்தப் பொட்டிய விட்டு எழும்பினாத்தானே."

பொய்யில்லை. நான் கவிதை எழுதுவதும், பிழை திருத்திச் சம்பாதிப்பதும் கணினியில் எடிட்டர் என்கிற ஒரே மென்பொருளுக்குள். நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளக்கூடியது அது. எழுதும் வரியை விட்டு எழாமலே, திரையின் அடியில் ஒரு கட்டளை அடித்தால் போதும். கணினி அதைச் செய்துவிட்டுப் பதிலை அங்கேயே கொண்டுவந்து வைக்கும். எங்கேயும் கால் தரிக்காத எனக்கு அங்கே மட்டும் எழுந்து போகத் தோன்றியதில்லை.

பதிவுகளை என் கணினிக்கு மாற்றியதும் போனில் இருந்தவற்றை அக்கா அழித்துவிட்டாள். போகிற வீட்டில் போனை வாங்கிப் பார்ப்பார்களாம்.

"மழச் சத்தம் பெருசா இருக்குமேடா. புள்ளைக்கு வெளங்குமா? அத மட்டும் எடுக்க ஏலுமா?"

"ஒரே ஒரு கமாண்டுதான்க்கா."

எடிட்டருக்குள்ளேயே கோப்புகளின் வரிசையைத் திறந்து, அவள் பதிவுகள் எல்லாவற்றுக்கும் குறி போட்டுக் கட்டளையை அடித்தேன். இரைச்சலை நீக்கு, பழையதன் இடத்திலேயே புதியதை வை. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. மழை போனதா என்று பார்க்க மட்டும் ஒன்றைத் திறந்தேன். போயிருந்தது. பக்கத்துக்குக் கேட்டுவிடுமோ என்று அவள் கிசுகிசுத்ததும் கூடவே போயிருந்தது. ஒரு மூச்சு, ஒரு 'மகளே', அப்புறம் வழவழவென்று ஓர் அமைதி. மற்றவையும் அப்படியே.

விரல் தானாகவே 'அன்டூ' விசைக்குப் போனது. அங்கே நான் பிழையாக அழித்த எதையும் அது திருப்பித் தராமல் இருந்ததில்லை. இந்த முறை, கோப்புகளுக்கு நான் போட்ட குறிகளை மட்டும் ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டியது. கட்டளையை உள்ளே அடித்தாலும் வேலை வெளியேதான் நடக்கிறது. வெளியே நடந்தது எடிட்டருக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் மறந்து போகிற அளவுக்கு அங்கே குடியிருந்துவிட்டேன்.

அன்றைக்கே சொன்னேன். அக்கா திட்டவில்லை.

"ரப்பர் காட்டுக்குள்ள போய்த் திரும்பச் சொல்லேன்க்கா."

"வெட்டவெளியில எனக்கு வாய் வராதுடா. மழ வரட்டும்."

வரவில்லை. அவள் புறப்படும் வரை காய்ந்த வெயில். ஒருநாளும் பால்வெட்டு நிற்கவில்லை. வாளியோடு திரும்பும்போதெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்ப்பாள், நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் பார்வையை இறக்கிக்கொள்வாள்.

கேகாலை பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் பலகையைத் தட்டினான். வண்டி அசைந்ததும் தலையை வெளியே நீட்டினாள்.

"நான் பேசினத ஒரு தடவையாவது திருட்டுத்தனமாக் கேட்டிருக்கக் கூடாதாடா?"