எல்லாக் கேள்விக்கும் ஒன்று

வட்டாரத்துக் குழந்தைகள் சுகாதாரச் செவிலியை ‘ஊசியக்கா’ என்றே அழைத்தார்கள். தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே ஓட்டமெடுத்தார்கள். விரட்டிப் பிடிக்கும் கால்கள் அவருக்கு இப்போது இல்லை. பிள்ளை பெற்ற பின் மனம் சோர்ந்துபோகும் தாய்மார்களுக்காக அலுவலகம் ஏற்பாடு செய்த தொலைபேசி அழைப்பை அவர் மனமார வரவேற்றதற்கும் அந்தக் கால்களே காரணம். வாரந்தோறும் ஒரு பதிவுக்குரல் தாயை அழைக்கும். தூக்கம் வருகிறதா, குழந்தையைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று கேட்கும். ஆம் என்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. ஒன்றையே அமுக்கியவரின் பெயர் செவிலியின் கைப்பேசியில் பச்சையாகத் தெரியும். பச்சை என்றால் வீடு தேடிப் போக வேண்டியதில்லை.

மேட்டுக் கடைசி வீட்டு மருமகள் எப்போதும் பச்சைதான். அன்று குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்ததால் செவிலி மூச்சிரைக்க மேடேறினார்.

“வாம்மா! இன்னிக்காவது வழி தெரிஞ்சுதே” என்று மாமியார் அடுப்படியிலிருந்து வரவேற்றார்.

“வழி மறக்கலம்மா. காலுதான் வரமாட்டேங்குது.”

அப்போது அலமாரியிலிருந்த கைப்பேசி ஒலித்தது. மாமியார் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். காதில் வைக்காமலே ஒன்று, ஒன்று, ஒன்று என அமுக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“யாரும்மா போன்ல?”

“உங்க ஆபீசு பொம்பளதான். ஒண்ண அமுக்கிக்கிட்டே இருந்தா சீக்கிரம் வெச்சிடுவா.”

“மருமககிட்ட குடுக்கறதில்லையா?”

“புள்ள பெத்தவ, தூங்கட்டுமேன்னுதான். அதோட, வீட்டுல நல்லாயில்லன்னு யார்கிட்டயோ சொல்லலாமா?”

செவிலி உள்ளே போனார்.

உள்ளறையில் மருமகள் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை வீறிட்டது. அவள் திரும்பவேயில்லை. செவிலி குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு தரையில் அமர்ந்தார்.

“தூங்கினியா கண்ணு?”

“எங்கக்கா தூக்கம்? இதத் தூக்கவே பயமா இருக்கு. எனக்குப் பொறந்ததுன்னே தோணல. எங்கயாவது போயிடலாமான்னு இருக்கு.”

“போன்ல கேட்டப்ப சொல்லியிருக்கலாமேம்மா?”

“போனா? எனக்கா?”

செவிலியின் கைப்பேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. வீட்டுக் கைப்பேசியிலேயே அலுவலகத்து மனநல ஆலோசகரை அழைத்து, நிலைமையைச் சொல்லி, அதை மருமகளின் கையில் கொடுத்தார். தடுப்பூசி பிறகு ஆகட்டும் என்று குழந்தையோடு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து அமர்ந்த மாமியாரின் முகம் தொங்கிப்போயிருந்தது. “நான் நல்லதுன்னுதானேம்மா அமுக்கினேன்?”

“நானும் நல்லதுன்னு நம்பித்தானே வராம இருந்துட்டேன்.”

கடைசிப் பேருந்து கீழே புறப்படும் ஓசை கேட்டது. செவிலி எழவில்லை, எழுந்து ஓடத் தெம்புமில்லை. மருமகள் பேசும் சத்தம் உள்ளிருந்து இன்னும் கேட்கவில்லை.

“எம்புள்ள வேலை முடிஞ்சு கூப்பிடற நேரம். லைன் கெடைக்கலன்னா பதறிடுவான். அந்தப் போன வாங்கிட்டு வந்துடறேன்” என்று மாமியார் எழுந்தார்.

தடுக்க வாயெடுத்த செவிலியை முந்திக்கொண்டு உள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது. துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் விட்டுவிட்டு வந்தது. “சொல்லலாமா? ... எதுக்குன்னே தெரியல. அழுகையாவே வருது.”

மாமியார் வாசலிலேயே நின்றார். சற்று நேரம் கதவைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து படியில் அமர்ந்தார்.

“பதறட்டும்” என்று சொல்லி, செவிலியின் தோளிலிருந்த குழந்தைக்காகக் கைகளை நீட்டினார்.