நடுவர்களைத் தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமை

பகலில் நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மற்ற நேரத்தில் அம்மன் பாட்டு எழுதுகிறேன். ஆடி மாதம் சேலையூரிலும் முடிச்சூரிலும் கூழ் ஊற்றும் இடங்களில் ஒலிபெருக்கியில் அலறும் பாட்டுகளில் சில என்னுடையவை. கேட்பவர்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டதில்லை. இப்படி எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள், பாடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து தாம்பரத்தில் ஒரு சங்கம் வைத்திருந்தோம். அதிலிருந்து நான் ஏன் விலகினேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஏதோ வேலை அதிகம் என்று சமாளித்து வந்திருக்கிறேன்.

சங்கத்துக்கு வந்துகொண்டே இருந்த தலைவலி ராயல்டி. இசைக் கம்பெனி பாட்டை யூடியூபில் ஏற்றும். பாட்டு ஓடும். எழுதியவன் தன் பங்கைக் கேட்டுப் போனால், "நீங்கதான் மொத்தமா வித்துட்டீங்களே" என்பார்கள். "விக்கலை சார், பயன்படுத்திக்கத்தானே குடுத்தேன்" என்று இவன் நிற்பான். வழக்குப் போட்டால் முடிவு வருவதற்குள் பாட்டே மறந்துபோகும். அதனால் எங்கள் பக்கத்துப் பாட்டுகளை அதிகம் வாங்கும் கம்பெனியின் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. தகராறு வந்தால், சங்கம் அமைக்கும் நடுவர் குழுவில் ஒருவர் விசாரித்து முடிவு சொல்வார். அந்த முடிவு இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும்.

முதலில் காத்திருந்தது ஒரு குப்பத்துத் தம்பியின் வழக்கு. வீட்டில் எல்லோரும் மீன் தொழில். இவனும் காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு மாலையில் பாட்டுக் கட்டுவான். அவன் பாட்டு ஒன்று அந்த வருடம் ஈசிஆரில் நடந்த எந்தக் கல்யாண வரவேற்பிலும் தப்பவில்லை. பாட்டில் போட்டிருந்த பெயர் மட்டும் கம்பெனியின் பெயர். "நான் பாட்ட குட்த்தேன் அக்கா, என்னியே குட்த்துட்ட மாரி பேசறானுங்கோ" என்று என்னிடம் புலம்புவான்.

நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காப்புரிமைச் சட்டத்தையும் நடுவர் சட்டத்தையும் வாங்கி வந்து, அலுவலக ரயிலில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். குழுவில் இன்னும் இருவர். சங்கத் தலைவர் குரோம்பேட்டையில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துபவர். செயலாளர், வாடகை வழக்குகள் நடத்தும் வக்கீல்.

நேர்காணல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில் நடந்தது. முந்தைய நாள் விசேஷத்தின் மிச்சம் கீழே இன்னும் அள்ளப்படவில்லை. புளித்த ரசமும் வாடிய மல்லிகையும் கலந்த வாடை படியேறி வந்து ஏசி காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் அந்த வாடைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தலைவர் எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார். "பாட்டுன்னா எனக்கு உயிர்" என்று உட்கார்ந்தவர், கேட்காமலேயே ஒரு பழைய பாட்டின் பல்லவியைப் பாடிக் காட்டினார். மற்ற இருவரும் கைதட்டினார்கள்.

நான் கேட்டேன். "சார், ஒரு பாட்டை மொத்தமா எழுதிக் கொடுக்கிறதுக்கும், பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்தை எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க?"

"அதெல்லாம் பேப்பர் வந்தா பாத்துக்கலாம்மா" என்றார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பி, "ஒரு சிட்டிங்குக்கு என்ன கொடுப்பீங்க? வண்டி அனுப்புவீங்கதானே?" என்று விசாரித்தார்.

அவர் போனதும் தலைவர் அவருடைய விசிட்டிங் கார்டை எடுத்து, அதன் முனையால் பல்லைக் குத்தினார். காலையில் தின்ற எதையோ எடுத்துப் பார்த்தார். கார்டை வேட்டியில் துடைத்து மறுபடி ஃபைலில் வைத்தார். "ஜட்ஜு. கண்ணை மூடிக்கிட்டு போட்டுடலாம்" என்றார்.

அடுத்து நாவலூரிலிருந்து ஒரு ஆடிட்டர். பளிச்சென்ற சட்டை, தெளிவான பேச்சு. ராயல்டிக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று விரல்நுனியில் வைத்திருந்தார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தக் கம்பெனிக்கு எங்க ஃபர்ம்தானே ஆடிட் பண்ணுது" என்றார்.

"அப்ப அவங்க தகராறுலயே நீங்க எப்படி நடுவரா உட்காருவீங்க?"

"நான் பண்றதில்லை மேடம். என் பார்ட்னர் பண்றார்." சிரித்தார். தலைவரும் சிரித்தார். செயலாளர், "டெக்னிக்கலா கரெக்ட்தான்" என்று சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ வந்தது. குடிக்கப் பிடிக்காமல் ஆறவிட்டேன்.

கடைசியாக வந்தவர் ஊரப்பாக்கத்தில் இருக்கும் ஒரு பெண் வழக்கறிஞர். ஐம்பது வயது இருக்கும். மின்சார ரயிலில் வந்து இறங்கி, மழைச் சேற்றில் நடந்து வந்திருந்தார். அறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். பல வருடம் காப்புரிமை வழக்குகள்தான் நடத்தியிருக்கிறார். நீதிபதியிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

"ஒப்பந்தத்துல எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த ஊருக்குன்னு எழுதியிருக்கான்னு பார்ப்பேன்" என்றார். "எழுதாததையும் வாங்கிட்டோம்னு கம்பெனி சொன்னா அதை நான் ஏத்துக்க மாட்டேன். அதே மாதிரி, தெளிவா எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு இப்ப இல்லைன்னா, பாட்டு எழுதினவர் பக்கமும் நிக்க மாட்டேன்."

ரயிலில் நான் கோடு போட்டுப் படித்தது ஒருவர் வாயிலிருந்து உயிரோடு வந்ததைக் கேட்க நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் எங்களைக் கேட்டார்.

"நடுவர்களுக்கு ஃபீஸ் யார் கொடுக்கிறாங்க?"

"சங்கம்தான்" என்றார் செயலாளர்.

"சங்கத்துக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருது?"

செயலாளர் பேனா மூடியைத் திருகினார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். நான்தான், "சந்தாவிலிருந்து இல்லையா?" என்று அசடு மாதிரி கேட்டேன்.

"ஒரு ஸ்பான்சர் இருக்காங்க" என்றார் தலைவர். "கம்பெனிதான். இந்த ஹாலும் அவங்க உபயம். நல்ல மனசு."

அந்த வழக்கறிஞர் கோபப்படவில்லை. "என்னைப் போட்டீங்கன்னா, இதை முதல் நாளே ரெண்டு தரப்புக்கும் எழுத்துல கொடுத்துடுவேன். சட்டம் அப்படித்தான். அதுக்கு உங்களுக்குச் சம்மதமான்னு யோசிச்சுக்குங்க" என்று சொல்லி வணங்கிவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் தலைவர் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத என் கை கூசுகிறது. எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்து, "உங்களைச் சொல்லலை மேடம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மதியம் பிரியாணி வந்தது. கையில் எண்ணெய் வழிய வழிய மதிப்பெண் போட்டார்கள். நீதிபதி முதலிடம், ஆடிட்டர் இரண்டாமிடம். ஊரப்பாக்கத்து அம்மாவுக்கு, "அனுசரித்துப் போகும் குணம் இல்லை" என்று எழுதினார் செயலாளர். தாளில் அவருடைய கட்டைவிரல் எண்ணெயாகப் பதிந்திருந்தது. அதே தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"மேடம், நீங்க எழுதுறது எல்லாம் அம்மன் பாட்டு" என்றார் தலைவர், எலும்பைக் கடித்தபடி. "அடுத்த ஆடிக்கு அதை யாரு வாங்குவாங்கன்னு நெனைச்சீங்க?"

மிரட்டுகிறவர் முகத்தைச் சுளித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அன்பாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. நான் எழுந்து கழிவறைக்குப் போனேன். சாப்பிட்ட ஒரு வாயும் வெளியே வந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு, அறைக்குத் திரும்பாமல் அப்படியே படியிறங்கினேன்.

கீழே அந்தக் குப்பத்துத் தம்பி பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். இன்று தேர்வு என்று எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறான்.

"இன்னா ஆச்சு அக்கா? நல்ல ஆளா போட்டீங்களா?"

மறைக்காமல் சொன்னேன். கேட்டவன் பைக்கின் சீட்டில் ஓங்கிக் குத்தினான். "அவன்கிட்ட துட்டு வாங்கினு அவன் கேஸையே விசாரிப்பானுங்களா? இரு, நான் மேல போய்ட்டு வரேன்."

"மேல போனா உன் மேலதான் கேஸ் வரும். பேசாம இரு" என்று சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த வழக்கறிஞரின் எண் அவருடைய விண்ணப்பத்திலிருந்து எனக்குத் தெரியும். அங்கேயே நின்று கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, "இந்தத் தம்பி கேஸை நீங்களே எடுத்து நடத்துங்களேன்" என்றேன்.

"கேஸைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லாதீங்க" என்று உடனே தடுத்தார். "நாளைக்கு என்னையே யாராவது நடுவரா போடலாம். இப்ப அவர்கிட்ட தனியா பேசினா நான் அதுக்குத் தகுதி இழந்துடுவேன். இந்தக் குழு வேணாம்னு அவர் கம்பெனிக்கு எழுதணும். அவங்க ஒத்துக்கலைன்னா ஹைகோர்ட்ல நடுவரைக் கேட்டு மனு போடலாம். இலவச சட்ட உதவியில வேற வக்கீல் கிடைப்பாங்க." போனை வைத்துவிட்டார். தம்பியிடம் அதைச் சொன்னேன்.

"இன்னா அக்கா, இவங்களும் கதவ சாத்திக்கினாங்க" என்றான் தம்பி. எனக்கும் சற்று நேரம் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் உறைத்தது, அன்று முழுவதும் தன் வேலையைச் சுத்தமாகச் செய்த ஒரே ஆள் அவர்தான் என்று.

தம்பி அவர் சொன்னபடியே செய்தான். சங்கத்தின் குழு வேண்டாம் என்று எழுதினான், கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை, மனுப் போட்டான். நீதிமன்றம் எங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரை நடுவராகப் போட்டது. தனக்கும் இரு தரப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினாராம். தம்பிக்கு முழு வெற்றி இல்லை. பாட்டில் அவன் பெயர் வர வேண்டும், இனி வருவதில் பங்கு தர வேண்டும் என்று முடிவாயிற்று. போனது போனதுதான். "பரவால்ல அக்கா, பேர் வந்துச்சுல்ல" என்றான். அவன் குரலில் சந்தோஷத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

நான் சங்கத்திலிருந்து விலகினேன். அந்த ஆடிக்கு என் பாட்டு எதுவும் வரவில்லை. நடுவர் குழு இன்னும் இருக்கிறது. அனகாபுத்தூரில் ஒரு மெட்டமைப்பாளரின் தகராறு அந்த நீதிபதியிடம் போய், ஒரே சிட்டிங்கில், டீ ஆறுவதற்குள் கம்பெனி பக்கம் முடிந்ததாகக் கேள்வி. தலைவரை எப்போதாவது மார்க்கெட் பக்கம் பார்ப்பேன். "என்ன மேடம், ஆளையே காணோம்?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். நான் காய் பொறுக்குவதுபோல் குனிந்துகொள்வேன்.

ஒருமுறை ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் அந்த வழக்கறிஞரைச் சந்தித்தேன். "அந்தப் பையன் கேஸ் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

"அப்ப இனிமே சொல்லலாம். பாட்டு ரொம்ப நல்லா இருக்கு. என் பொண்ணு கல்யாணத்துல போட்டாங்க."

உங்களை எங்காவது நடுவராகப் போட்டார்களா என்று கேட்டேன். இன்னும் இரண்டு இடத்தில் நேர்காணலுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். அங்கேயும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாராம். இரண்டு இடத்திலிருந்தும் பிறகு அழைப்பு வரவில்லையாம். செங்கல்பட்டு வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார்.